நங்கூரமா, நட்சத்திரமா? ஜப்பானியக் கடற்படைத் தரைவீரரின் சீருடையும் சாதனங்களும்

இரண்டாம் உலகப் போர்ப் படம் ஒன்றில் இரும்புத் தொப்பியும் நீளத் துப்பாக்கியுமாக ஜப்பானிய வீரர் ஒருவர் நின்றால், கீழே 'ஜப்பானிய ராணுவ வீரர்' என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. படம் பர்மாவிலோ சீனாவின் உட்பகுதியிலோ எடுத்ததென்றால் அது அநேகமாகச் சரியாகவே இருக்கும். வேக் தீவு, தாராவா, மில்னே விரிகுடா, கிஸ்கா என்று பசிபிக் பக்கம் போனால் பல படங்களில் அது தவறு. அங்கே நிற்பவர் கடற்படைக்காரர். அவருடைய சம்பளம், பதவி, பயிற்சி எல்லாம் கடற்படையில். சண்டை மட்டும் தரையில். அவர் உடம்பில் இருப்பதில் பாதி கப்பல் கிடங்கிலிருந்து வந்தது, மீதி ராணுவ ஆயுதச்சாலையிலிருந்து வந்தது. இந்தக் கலப்பு புரிந்துவிட்டால் அவரை அடையாளம் காண்பதும் எளிது, களத்தில் அவருக்கு என்னென்ன சிக்கல்கள் வந்தன என்பதும் விளங்கிவிடும்.

நமக்கு மிக அருகில் இதற்கு ஓர் உதாரணம் அந்தமான். 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் போர்ட் பிளேயரில் இறங்கினார்கள். 1945 வரை அந்தத் தீவுகளை ஆண்டது ஜப்பானியக் கடற்படை. 1943 டிசம்பரில் சுபாஷ் சந்திர போஸ் அங்கே வந்தபோது வரவேற்றவர்களும் கடற்படை அதிகாரிகளே. அந்தக் காலத்து அந்தமான் படங்களைப் பார்ப்பவர்களுக்குக் கீழே சொல்லப்போகும் குறிப்புகள் நேரடியாகப் பயன்படும்.

யார் இவர்கள்?

போர்க்கப்பலில் இருக்கும் மாலுமிகளில் ஒரு பகுதியினருக்குத் துப்பாக்கி கொடுத்துக் கரையில் இறக்கும் வழக்கம் ஜப்பானியக் கடற்படையில் மெய்ஜி மன்னர் காலத்திலிருந்தே உண்டு. அந்தக் குழுவுக்கு ரிக்குசென்டாய் என்று பெயர். வேலை முடிந்ததும் அவர்கள் கப்பலுக்குத் திரும்பி, பழையபடி பீரங்கியையோ கொதிகலனையோ பார்க்கப் போய்விடுவார்கள். 1932 ஜனவரியில் ஷாங்காயில் சீனப் படைகளோடு நடந்த தெருச் சண்டையில் இந்த ஏற்பாடு போதாது என்று தெரிந்தது. அதே ஆண்டில் ஷாங்காயில் நிரந்தரமான தரைப்படைப் பிரிவு ஒன்று உருவானது. பிறகு குரே, சசெபோ, மைசுரு, யோகோசுகா ஆகிய நான்கு கடற்படைத் தளங்களும் தங்கள் பெயரிலேயே 'சிறப்புத் தரையிறங்கும் படை'களைத் திரட்டத் தொடங்கின. வேக் தீவில் இறங்கியது மைசுரு 2-ஆம் படை, மில்னே விரிகுடாவுக்குப் போனது குரே 5-ஆம் படை, தாராவாவைக் காத்தது சசெபோ 7-ஆம் படை.

ஆங்கிலப் புத்தகங்கள் பலவற்றில் இவர்களை 'மெரீன்' என்று எழுதியிருப்பார்கள். அமெரிக்க மெரீன்கள் தனிச் சட்டம், தனிப் பதவி வரிசை, தனிப் பயிற்சிப் பள்ளி கொண்ட தனிப் படை. ஜப்பானில் அப்படி எதுவும் கிடையாது. இவர்கள் காலாட்படைப் பயிற்சி பெற்ற மாலுமிகள், அவ்வளவுதான். அந்தப் பயிற்சியும் பிரிவுக்குப் பிரிவு மாறியது. போருக்கு முன்பே திரட்டப்பட்ட பிரிவுகள் நன்றாகப் பழகியவை. போரின் பின்பாதியில் அவசரத்துக்குச் சேர்த்தவை அப்படி இல்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1942 பிப்ரவரியில் அம்போன் தீவின் லாஹா விமானதளத்தில் சரணடைந்த ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள் முந்நூறு பேருக்கு மேல் இந்தப் படையினரால் கொல்லப்பட்டார்கள். இந்தச் சீருடையை அணிந்தவர்கள் செய்தது அது. சீருடையைக் கூர்ந்து படிப்பது அதைக் கொண்டாடுவதற்காக அல்ல. எந்தப் படத்தில் யார் நின்றார்கள் என்று சரியாகச் சொல்ல முடிந்தால்தான் எந்தப் பொறுப்பு யாருடையது என்றும் சொல்ல முடியும்.

நீலம், வெள்ளை, பச்சை

கடற்படை மாலுமிக்கு அடிப்படையில் இரண்டு உடைகள்: குளிர்காலத்துக்குக் கருநீலம், கோடைக்கு வெள்ளை. முதுகில் சதுரமாகத் தொங்கும் அகலக் கழுத்துப்பட்டை கொண்ட சட்டை இரண்டுக்கும் பொது. 1930-களின் தொடக்கத்து ஷாங்காய்ப் படங்களில் இதே மாலுமி உடைக்கு மேலேயே தோல் இடைவாரும் தோட்டாப் பைகளும் கட்டி, காலில் கேன்வாஸ் உறை மாட்டி, தலையில் ஹெல்மெட் வைத்துக்கொண்டு சண்டை போடுவதைப் பார்க்கலாம். கரையில் இந்த உடையால் தொல்லைதான். அகலக் கழுத்துப்பட்டை தோள்வார்களுக்கு அடியில் மடங்கிச் சிக்கும். வெள்ளை உடையோ எதிரிக்குத் தொலைவிலிருந்தே குறி காட்டிக் கொடுக்கும்.

ஆகவே தரைச் சண்டைக்கென்று பழுப்புக் கலந்த பச்சை நிறத்தில் தனி உடை வந்தது. முதலில் இது தரையிறங்கும் பிரிவுகளுக்கு மட்டும்தான் இருந்தது. போர் நீண்டு, கப்பல்கள் குறைந்து, கரையில் இருக்கும் கடற்படையினர் பெருகியபோது, இதே பச்சை உடை நீலத்துக்கும் வெள்ளைக்கும் அடுத்த 'மூன்றாம் வகைச் சீருடை'யாகக் கடற்படை முழுவதற்கும் பரவியது. அதனால் 1944, 1945 படங்களில் பச்சை உடையைப் பார்த்ததும் தரைவீரர் என்று முடிவு கட்டக் கூடாது. அலுவலகத்தில் கணக்கு எழுதும் அதிகாரியும் அதையேதான் அணிந்திருப்பார்.

ராணுவ உடையிலிருந்து இதைப் பிரித்துக் காண நிறத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். ராணுவத் துணி காக்கி சார்ந்தது, கடற்படைத் துணி பச்சை சார்ந்தது என்பது உண்மைதான். ஆனால் வெயிலும் உப்புநீரும் பட்டுச் சாயம் வெளுத்த பிறகு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்துக்கு வேலையே இல்லை. கழுத்தைப் பாருங்கள். 1938-இல் வந்த ராணுவத்தின் 98-ஆம் வகைச் சட்டையில் கழுத்துப்பட்டை மேலே வரை மூடி, கொக்கி மாட்டியிருக்கும். கடற்படையின் பச்சை ஜாக்கெட் கோட்டைப் போலக் கழுத்தில் திறந்திருக்கும். அதிகாரிகள் உள்ளே சட்டையும் டையும் அணிவார்கள். ராணுவத்திலும் வெப்பநாடுகளுக்கென்று திறந்த கழுத்துச் சட்டை இருந்ததால் இந்த ஒரு குறிப்போடு நின்றுவிட முடியாது. அடுத்ததாகப் பார்க்க வேண்டியது பதவிச் சின்னம்.

பதவி எங்கே இருக்கிறது?

தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு இதுதான் மிக நம்பகமான சோதனை. 1938-க்குப் பிந்தைய ராணுவத்தில் சாதாரணச் சிப்பாய்க்கும் பதவிச் சின்னம் கழுத்துப்பட்டையில்தான்: சிவப்புத் துணி, அதில் நட்சத்திரம். கடற்படையின் மாலுமிக்கும் கீழ்நிலை அதிகாரிக்கும் பதவிச் சின்னம் வலது மேற்கையில். கடற்படை அதிகாரிகளுக்கு மட்டும் பச்சை உடையில் கழுத்துச் சின்னம் உண்டு. அதில் நட்சத்திரம் இருக்காது, செர்ரிப் பூ இருக்கும்.

கையில் இருக்கும் அந்தச் சின்னம் படத்தின் காலத்தையும் காட்டிக் கொடுக்கும். 1942 நவம்பர் வரை அது வட்டம். பிறகு கேடயம் போன்ற ஐங்கோண வடிவம், கறுப்புத் துணியில் மஞ்சள் வேலைப்பாடு. புதிய சின்னத்தைப் படிப்பது கடினமல்ல. கடைநிலை மாலுமிக்கு நங்கூரம் மட்டும். அடுத்த படியிலிருந்து நங்கூரத்தின் மேல் ஒரு பூவும் கீழே குறுக்குக் கோடும் சேரும். பதவி உயர உயரக் கோடு ஒன்று, இரண்டு, மூன்று ஆகும். கீழ்நிலை அதிகாரியானதும் சுற்றிலும் இலை வளையம் வந்து, கோடுகள் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். நடுவில் உள்ள பூவின் நிறம் துறையைச் சொல்லும். மஞ்சள் என்றால் பொதுவான மாலுமித் துறை, சிவப்பு மருத்துவம், வெள்ளை கணக்கு மற்றும் கிடங்கு.

பதவிச் சின்னத்துக்கு மேலே கூரை வடிவக் கோடுகள் இருந்தால் அவை நன்னடத்தைக்கானவை. மூன்று ஆண்டு சேவைக்கு ஒன்று. எனவே மூன்று கோடு போட்டவர் குறைந்தது 9 ஆண்டு அனுபவம் உள்ளவர். பதவி தாழ்வாகவும் கோடுகள் மூன்றாகவும் இருக்கும் மாலுமியைப் படத்தில் கண்டால், அந்தப் பிரிவின் பழைய கை அவர்தான். இந்தச் சிறு துணித்துண்டு ஒன்றிலிருந்து ஒருவருடைய பத்தாண்டு வாழ்க்கையைப் படித்துவிட முடிகிறது. சீருடை ஆய்வில் இதைவிட நிறைவான இடம் குறைவு.

தொப்பியும் ஹெல்மெட்டும்

துணித் தொப்பியில் நங்கூரச் சின்னம் இருக்கும். ராணுவத் தொப்பியில் நட்சத்திரம். தொப்பியைச் சுற்றி ஓடும் கருநிறப் பட்டியை எண்ணுங்கள்: அதிகாரிக்கு இரண்டு, கீழ்நிலை அதிகாரிக்கு ஒன்று, மாலுமிக்கு ஒன்றுமில்லை. முகம் தெளிவாகத் தெரியாத படத்தில்கூட இந்தப் பட்டி தெரியும். வெயிலுக்குப் பிடரியை மறைக்கத் தொப்பியின் பின்னால் நான்கு துணிப்பட்டைகள் தொங்கவிடுவது இரு படைகளிலும் உண்டு. ஒரே துணியாக இல்லாமல் நான்காக இருப்பதற்குக் காரணம், நடக்கும்போது இடையில் காற்று புகும், தலையைத் திருப்பும்போது துணி இழுக்காது.

ஹெல்மெட் 90-ஆம் வகை. இந்த எண்களைப் பற்றி இங்கே ஒரு விளக்கம் தேவை, ஏனென்றால் கட்டுரை முழுவதும் வரப்போகிறது. ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கு நம் கணக்கைவிட 660 கூடுதல். 1930 என்பது 2590. கடைசி இரு இலக்கம் 90. அப்படியே 92 என்றால் 1932, 97 என்றால் 1937, 99 என்றால் 1939. பழைய ஆயுதங்களுக்கு மட்டும் மன்னர் ஆட்சியாண்டு: 38-ஆம் வகைத் துப்பாக்கி மெய்ஜி 38, அதாவது 1905.

90-ஆம் வகை ஹெல்மெட் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுக் கிண்ணம். உள்ளே தோலால் ஆன மூன்று திண்டுகள் தலையைத் தாங்கும். மோவாய்க்குக் கீழே பக்கிள் கிடையாது. வளையங்களில் கோர்த்த நீளமான பருத்தி நாடாவை இழுத்து முடிச்சுப் போட வேண்டும். முடிச்சை எப்படிப் போடுவது என்பதற்கே முறை இருந்தது. நாடா என்பதால் எந்த முகத்துக்கும் பொருந்தும், அறுந்தால் எந்தத் துணியையும் வைத்துச் சரிசெய்யலாம். ஆனால் நனைந்த முடிச்சை அவசரத்துக்கு அவிழ்ப்பது பெரும்பாடு. கடல்நீரில் இறங்கி ஏறுகிறவனுக்கு இது சின்னத் தொல்லையல்ல. அந்த எஃகு சிதறும் குண்டுத் துணுக்குகளைத் தடுக்கும்; நேராக வரும் துப்பாக்கித் தோட்டாவைத் தடுக்காது.

இதற்கு முந்தைய மாதிரி ஒன்றும் ஷாங்காய்ப் படங்களில் வரும். அதன் உச்சியில் காற்றுத் துளைகளை மூடியிருக்கும் தகடு செர்ரிப் பூ வடிவில் இருக்கும். அந்தத் தகட்டைப் பார்த்தால் படம் 1930-களைச் சேர்ந்தது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

கால்

மாலுமி உடையோடு வருவது கேன்வாஸ் கால் உறை. கணுக்காலிலிருந்து ஆடுசதை வரை மூடி, பக்கவாட்டில் மாட்டுவது. பச்சை உடையோடு பெரும்பாலும் துணிச்சுற்று வரும். கணுக்காலில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் பாதி ஏறும்படி முழங்கால் வரை சுற்றிக்கொண்டு போய், நுனியில் உள்ள நாடாவை முன்பக்கம் பெருக்கல் குறிபோலக் குறுக்கே கொண்டுவந்து கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டினால் ஒரு மணி நேர நடையில் கால் மரத்துப்போகும்; தளர்த்திக் கட்டினால் ஓடும்போது அவிழ்ந்து காலைத் தட்டும். ஈரத்தில் பருத்தி இறுகும் என்பதால், தண்ணீரில் இறங்கப்போகிறவர் கொஞ்சம் விட்டுத்தான் கட்ட வேண்டும்.

காலணி இரண்டு விதம். ஒன்று கயிறு கட்டும் தோல் பூட்ஸ். மற்றது ஜிக்கா-தாபி: கட்டைவிரல் தனியாகப் பிரிந்த கேன்வாஸ் செருப்பு, ரப்பர் அடி, குதிகாலுக்கு மேலே சின்ன உலோகக் கொக்கிகள். ஜப்பானில் கட்டடத் தொழிலாளர்கள் அன்றாடம் அணிவது. நனைந்தால் சீக்கிரம் காயும், சத்தம் வராது, மரமேற வாகாக இருக்கும். பவளப்பாறைத் தீவுகளில் இதற்குத்தான் கேடு. அந்தக் கூர் விளிம்புகளுக்கு மெல்லிய ரப்பர் ஈடுகொடுக்காது, கணுக்காலுக்கும் பிடிப்புக் கிடையாது.

இடுப்பில் 120 தோட்டா

ராணுவத்தோடு பொதுவான ஏற்பாடு இது. தோல் இடைவாரில் முன்னால் இரண்டு பைகள், ஒவ்வொன்றிலும் 30 தோட்டா. பின்னால் பெரிய பை ஒன்று, அதில் 60. மொத்தம் 120. தோட்டாக்கள் ஐந்தைந்தாகக் கிளிப்பில் வரும் என்பதால் 6, 6, 12 என்று 24 கிளிப். 6.5 மி.மீ. தோட்டா என்றால் இது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடை. பின்பையின் பக்கத்தில் எண்ணெய்ப் புட்டிக்குச் சிறு இடம் இருக்கும், அது துப்பாக்கிக்கு. படுத்துச் சுடும்போது கை பின்பைக்கு எட்டாது. எனவே சண்டை நடுவே ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பின்னால் இருப்பதை எடுத்து முன்பைகளை நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும்.

இடப்பக்கம் 30-ஆம் வகைப் பயனெட், அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி, தொங்கும். கத்திப் பகுதி மட்டும் 40 செ.மீ. இடுப்புக்கும் முழங்காலுக்கும் இடையே இவ்வளவு நீளம் ஆடிக்கொண்டிருந்தால் படகில் ஏறி இறங்குவது எளிதல்ல.

வெப்பநாட்டுத் தீவுகளில் தோல் நிற்காது. ஈரத்தில் பூஞ்சை பிடித்து, தையல் விட்டு, வெயிலில் விறைத்து வெடிக்கும். ஜப்பானிலும் தோல் தட்டுப்பாடு. அதனால் ரப்பர் பூசிய கேன்வாஸில் பைகள் வந்தன. மழைக்கு அவை நல்லவை. ஆனால் பத்தாண்டுகள் கழித்து ரப்பர் காய்ந்து பொரிந்துவிடும் என்பதால் இன்று மியூசியங்களில் அவற்றைக் காப்பாற்றுவது தோலைக் காப்பதைவிடக் கடினம்.

கடற்படைக்கே உரிய சாதனம் ஒன்று உண்டு. 1920-களில் ஸ்விட்சர்லாந்திலிருந்து வாங்கிய பெர்க்மன் வகைச் சப்மெஷின் துப்பாக்கியை ஷாங்காய்ப் பிரிவு பயன்படுத்தியது. அதன் நீள மேகசின்களை மார்பின் குறுக்கே வரிசையாக வைத்துக்கொள்ளத் தனித் தோல்வார்ப் பைகள் இருந்தன. அந்தத் துப்பாக்கியிலும் பயனெட் மாட்ட இடம் செய்துகொண்டார்கள். மார்புப் பைகளோடும் துளைகளிட்ட குழலுறையுடைய குட்டைத் துப்பாக்கியோடும் ஒருவர் ஷாங்காய்த் தெருவில் நின்றால் அவர் கடற்படைக்காரர் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

தோட்டாப் பெட்டியில் இருந்த சிக்கல்

ஜப்பானிய ராணுவமும் கடற்படையும் ஒன்றுக்கொன்று கலந்து பேசி ஆயுதம் வாங்கியவை அல்ல. ஒரு சாதாரணத் தரையிறங்கும் பிரிவின் தோட்டாக் கிடங்கைப் பார்த்தால் அதன் விலை தெரியும்.

முதலில் 38-ஆம் வகைத் துப்பாக்கி. 6.5 மி.மீ. குழல், ஏறத்தாழ 4 கிலோ, 1.28 மீட்டர் நீளம். குறைந்த உயரமுள்ள மாலுமிக்குப் பயனெட் மாட்டினால் துப்பாக்கி அவரைவிட உயரம். அடுத்து 99-ஆம் வகை, 7.7 மி.மீ., 1.12 மீட்டர். இரண்டின் தோட்டாவும் ஒன்றுக்கொன்று சேராது. மூன்றாவதாக 'ஐ' வகை: 1938 வாக்கில் இத்தாலியில் செய்து வாங்கியது, ஏறத்தாழ 60,000, பெரும்பாலும் கடற்படைக்கே போனது. இதன் இயக்கம் இத்தாலியக் கர்கானோ துப்பாக்கியுடையது; தோட்டாவும் ஐந்து தோட்டாக் கிளிப்பும் ஜப்பானுடைய 6.5 மி.மீ. இந்தப் பெயரில் உள்ள 'ஐ', ஆங்கிலத்தில் I என்று எழுதப்படும் எழுத்து, எண் அல்ல. 1-ஆம் வகை என்று படித்து 1941-ஆம் ஆண்டுத் துப்பாக்கி என்று எழுதியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

உண்மையான குழப்பம் இயந்திரத் துப்பாக்கியில். ராணுவத்தின் 92-ஆம் வகை கனரக இயந்திரத் துப்பாக்கி 7.7 மி.மீ.; 30 தோட்டா செருகிய உலோகப் பட்டையைப் பக்கவாட்டில் ஊட்ட வேண்டும். கடற்படையிலும் ஒரு 92-ஆம் வகை இருந்தது, அதுவும் 7.7 மி.மீ.தான். ஆனால் அது பிரிட்டிஷ் லூயிஸ் துப்பாக்கியின் நகல். மேலே வட்டத் தட்டில் 47 அல்லது 97 தோட்டா. ஜப்பானியக் கடற்படை பிரிட்டிஷ் கடற்படையைப் பார்த்து வளர்ந்தது, எனவே தோட்டாவும் பிரிட்டிஷ் .303 அளவு: அடியில் விளிம்பு வைத்தது, கூடு 56 மி.மீ. ராணுவத்தின் 7.7 தோட்டாவின் கூடு 58 மி.மீ.; அதிலும் 99-ஆம் வகைத் துப்பாக்கிக்கானது விளிம்பில்லாதது, கனரகத் துப்பாக்கிக்கானது அரைகுறை விளிம்புள்ளது.

ஆக, ஒரே '7.7' என்ற எண்ணின் கீழ் மூன்று தோட்டாக்கள், ஒரே '92' என்ற எண்ணின் கீழ் இரண்டு துப்பாக்கிகள். இருட்டில் கரையிறங்கி, மணலில் குவிந்து கிடக்கும் பெட்டிகளில் சரியானதை எடுத்து முன்னால் அனுப்ப வேண்டிய கிடங்கு மாலுமியின் நிலையை எண்ணிப் பாருங்கள். தவறான பெட்டி முன்னணிக்குப் போனால் அது வெறும் பாரம். இந்தப் படையின் பலவீனம் வீரர்களிடம் இருந்ததைவிட இந்த ஏற்பாட்டில்தான் அதிகம் இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

கைக்குண்டு இரு படைகளுக்கும் பொதுவான 97-ஆம் வகை. ஊசியை எடுத்த பிறகு அதன் தலையைக் கெட்டியான ஒன்றில் தட்டினால்தான் திரி பற்றும். 4 முதல் 5 நொடியில் வெடிக்கும். பெரும்பாலும் சொந்த ஹெல்மெட்டில்தான் தட்டுவார்கள். அந்தத் தட்டும் ஒலி எதிரிக்கும் கேட்டுவிடும்.

சோறும் தண்ணீரும்

தண்ணீர்க் குடுவை அலுமினியம், ஒரு லிட்டர் அளவு, தோளில் நாடாப் பட்டியோடு தொங்கும். பசிபிக் தீவுகள் பலவற்றில் நல்ல தண்ணீரே கிடையாது. அந்த வெயிலில் ஒரு லிட்டர் அரை நாளுக்குக் காணாது.

ஹாங்கோ என்ற சோற்றுப் பாத்திரம் நன்றாக யோசித்துச் செய்தது. அவரைவிதை போல ஒரு பக்கம் குழிந்திருக்கும், இடுப்பிலோ முதுகுப் பையிலோ ஒட்டி உட்காருவதற்காக. உள்மூடியில் தலைதட்டி அளந்தால் அரிசி 2 கோ, வெளிமூடியில் அளந்தால் 3 கோ. ஒரு கோ என்பது 180 மி.லி. பாத்திரத்தில் ஒரு தடவைக்கு 4 கோ அரிசி வேகும். அளக்கும் படியும் மூடியும் தட்டும் பானையும் ஒன்றிலேயே அடங்கிவிடுகின்றன. குழிந்த வடிவத்தால், கம்பில் வரிசையாகத் தொங்கவிட்டு ஒரே நெருப்பில் பல பேருடையதை வேகவைக்கலாம். ஆனால் கப்பல் சமையலறையில் வெந்த சோற்றைச் சாப்பிட்டுப் பழகிய மாலுமிக்குத் தீவில் புகை எழுப்பாமல் சமைப்பது புதிய பாடம். புகை எழுந்தால் மேலே விமானம் வந்துவிடும்.

இவற்றோடு கேன்வாஸ் தோள்பை, முதுகுப்பை, மழைக்குப் போர்வை, வாயுமுகமூடி. முகமூடியிலும் கடற்படைக்குத் தனி மாதிரிகள். வயிற்றில், சட்டைக்குள், பலரும் செனின்பாரி கட்டியிருப்பார்கள்: ஆயிரம் பெண்கள் ஆளுக்கொரு சிவப்பு முடிச்சுப் போட்ட துணிப்பட்டை. படையின் பதிவேட்டில் அது சாதனமாக இருக்காது.

அதிகாரி

வாளும் கைத்துப்பாக்கியும் அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கியவை. 1937 மாதிரிக் கடற்படை வாளின் உறை பழைய சாமுராய் முறையில் இரண்டு வளையங்களில் தொங்கும், கறுப்பு அரக்குப் பூசியிருக்கும். உப்புக்காற்றில் துரு ஏறாமலிருக்கச் சிலர் துருப்பிடிக்காத எஃகு வாளே வாங்கினார்கள். வாள் மரபை மதிப்பவர்களுக்கு அது பிடிக்காது. கப்பலில் வாழ்கிறவருக்கு அதுதான் சரி. சண்டையில் வாள் ஏந்தி முன்னால் போனவர் அதிகாரி என்று எதிரிக்கு உடனே தெரிந்துவிடும் என்பதும் உண்மை.

வானத்திலிருந்து இறங்கியவர்கள்

ஜப்பானின் முதல் போர்க்காலப் பாராசூட் தாக்குதலை நடத்தியது ராணுவமல்ல, கடற்படை. 1942 ஜனவரி 11 அன்று செலிபஸ் தீவின் மெனாடோவில் யோகோசுகா 1-ஆம் படையினர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் குதித்தார்கள். அடுத்த மாதம் திமோரின் குப்பாங்கில் 3-ஆம் படை. இவர்களுடைய பச்சை ஜாக்கெட் வேறு மாதிரி: தோட்டாவுக்கும் கைக்குண்டுக்கும் பைகள் ஜாக்கெட்டிலேயே தைத்திருக்கும். பாராசூட் கயிறு சிக்கும் என்பதால் வெளியே தொங்கும் எதுவும் ஆபத்து. துப்பாக்கிகள் தனிப் பெட்டிகளில் தனிப் பாராசூட்டில் இறங்கின. அவற்றைத் தேடி எடுக்கும்வரை கையில் இருந்தது கைத்துப்பாக்கியும் குண்டும் மட்டுமே. விமானதளத்தின் திறந்த வெளியில் அந்தச் சில நிமிடங்களே உயிரைக் குடித்தன.

போரின் கடைசியில் எல்லாம் தலைகீழானது. 1945 பிப்ரவரியில் மணிலாவில் இறுதிவரை நின்றவர்களில் பெரும்பாலோர் கடற்படையினர். கப்பல் இழந்த மாலுமிகள், தளப் பணியாளர்கள் என்று கிடைத்தவர்களைச் சேர்த்த படை அது. மூழ்கிய கப்பல்களின் பீரங்கிகளையும் விமானங்களின் துப்பாக்கிகளையும் கழற்றிக் கொண்டுவந்து தெருவில் பொருத்தினார்கள். சீருடை என்று ஒழுங்காக எதுவும் இல்லை. அந்த நகரத்தின் மக்கள் கொடுத்த உயிர்விலை பல்லாயிரம்.

போலிகளைப் பற்றி

சேகரிப்புச் சந்தையில் கடற்படைப் பொருளுக்கு ராணுவப் பொருளைவிட விலை அதிகம், ஏனென்றால் எண்ணிக்கை குறைவு. அதனால் ராணுவ ஹெல்மெட்டின் நட்சத்திரத்தைப் பிடுங்கிவிட்டு நங்கூரத்தை வைத்து விற்பது பழைய தந்திரம். ஹெல்மெட்டைச் சாய்த்து, பக்கவாட்டில் விளக்கு அடித்துப் பாருங்கள். நட்சத்திரம் இருந்த இடத்தில் பெயின்ட் வெயில் படாமல் அடர்த்தியாக, ஐந்து முனையோடு தெரியும். சின்னத்தின் கால்கள் உள்ளே மடங்கியிருக்கும் இடத்தைப் பாருங்கள். பழைய துரு கால்களின் மேலும் எஃகின் மேலும் ஒரே சீராகப் பரவியிருக்க வேண்டும். கால் பளபளப்பாகவும் சுற்றிலும் துருவாகவும் இருந்தால் அந்த நங்கூரம் புதிதாக வந்தது. துணிப் பொருள்களில் உள்பக்கம் அழுத்திய நங்கூர முத்திரையையும், மாலுமி தன் கையால் எழுதிய பெயரையும் தேடுங்கள். மையின் நிறம் துணியின் பின்பக்கம் வரை ஊறியிருக்க வேண்டும்.